சாயமரம், தேற்றாமரம், தீக்குச்சி மரம்: தாத்தாவின் குறிப்புக்குப் பதில்

வணக்கம். தாத்தாவின் தோட்டக் குறிப்பில் உள்ள சாயமரம், தேற்றாமரம், தீக்குச்சி மரம் மூன்றும் எவை என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுமே பயனை வைத்து வந்த பேர்கள்தான்.

தேற்றா சுலபம். தேற்றுதல் என்றால் தெளிய வைத்தல். அதன் கொட்டையைக் கலங்கல் நீர் ஊற்றும் மண்பானையின் உள்பக்கம் தேய்த்துவிட்டால் சேறு அடியில் படிந்துவிடும். சங்கப் பாடலில் இதே மரத்துக்கு ‘இல்லம்’ என்று பேர்.

தீக்குச்சி மரம் பெரும்பாலும் பெருமரம்தான், பீநாறி என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்தப் பேரின் காரணம் புரியும். மென்மையான, எடை குறைந்த மரம். தீப்பெட்டி வந்த பிறகு ஒட்டிய பேர் என்பதால், குறிப்பும் அதற்குப் பிந்தியதே.

சாயமரத்தில்தான் கவனம் தேவை. அது பதிமுகமாகவும் இருக்கலாம், நுணாவாகவும் (மஞ்சணத்தி) இருக்கலாம். இரண்டுமே சாயம் தருபவை. கிளையில் முள், மஞ்சள் பூ, தட்டையான காய் இருந்தால் பதிமுகம். அதன் வைரத்தில் (மரத்தின் கெட்டியான உள்கட்டையில்) சிறு சிராய் எடுத்து வெந்நீரில் போடுங்கள், சற்று நேரத்தில் நீர் சிவக்கும். முள்ளே இல்லாமல், வாசமுள்ள வெள்ளைப் பூவும் கண்கண்ணாகப் புடைத்த காயும் இருந்தால் நுணா. அதில் சாயம் வேர்ப்பட்டையில் இருக்கிறது. சோதிக்கிறேன் என்று வேரைத் தோண்டிவிடாதீர்கள், பாவம், பழைய மரம். பூவும் காயுமே போதும்.

மரம் இன்னும் நிற்கிறது என்றால் இலை, காய் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.