கேட்டது நீங்க: சீனாவுல நம்ம நரசிம்மர் இருக்கிற ஊர்

சீனாவுல தமிழ் கல்வெட்டோட ஒரு சிவன் கோயில் இருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. நிஜமா? போனா சாமி கும்பிட முடியுமா? (மதுரை வாசகர்)

பாதி நிஜம்ங்க. ஊரு பேரு ச்சுவான்ஜோ, ஃபூஜியன் மாகாணத்துல கடலோரமா இருக்கு. கல்வெட்டு உண்மை, 1281-ம் வருஷம், சித்ரா பௌர்ணமி அன்னிக்கு, சம்பந்தப்பெருமாள்னு ஒருத்தர், அப்ப சீனாவை ஆண்ட மங்கோலிய ராஜா குப்ளாய் கான் நல்லா இருக்கணும்னு சிவனைப் பிரதிஷ்டை பண்ணினதா தமிழ்ல வெட்டியிருக்கு, கீழ ஒரு வரி சீன எழுத்து. ஆனா கோயில் இப்ப இல்ல. மங்கோலிய ஆட்சியோட கடைசியில அந்த ஊர்ல பெரிய கலவரம், வெளிநாட்டு வியாபாரிங்க நிறைய பேர் செத்தாங்க, ஓடிப்போனாங்க. கோயில் கல்லு, மசூதி கல்லு, சர்ச் கல்லு எல்லாம் கோட்டைச் சுவர் கட்டப் போயிடுச்சு. போன நூற்றாண்டுல அந்தச் சுவரை இடிச்சப்ப கல்லெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு, வூ வென்லியாங்னு உள்ளூர் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் தேடித் தேடி சேர்த்து வெச்சாரு. அவர் இல்லேன்னா பாதி கல்லு யார் வீட்டு வாசப்படியாவோ போயிருக்கும்.

அதனால அர்ச்சனைத் தட்டோட கிளம்பாதீங்க. பார்க்கப் போங்க.

அப்ப பார்க்க என்னதான் மிச்சம் இருக்கு? எனக்கு ரெண்டு நாள்தான் டைம். (சிங்கப்பூர் வாசகி)

முதல்ல கையுவான் கோயில். 686-ல ஆரம்பிச்ச பௌத்த கோயில், டிக்கெட் கிடையாது. எல்லாரும் அந்த ரெண்டு கல் கோபுரத்து முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுவாங்க, கோபுரம் அழகுதான், 13-ம் நூற்றாண்டுல கல்லுல கட்டினது, ஆனா நீங்க மெயின் மண்டபத்தைச் சுத்தி பின்பக்கம் போங்க. பின் தாழ்வாரத்துல நடுவுல ரெண்டு தூணு மட்டும் மத்த தூண் மாதிரி இருக்காது, பல பட்டையா செதுக்கி நடுநடுவுல வட்டம் வட்டமா சிற்பம் இருக்கும். ஒரு வட்டத்துல நரசிம்மர் மடியில இரணியனைப் போட்டு வயித்தைக் கிழிக்கிறாரு. இன்னொண்ணுல கஜேந்திர மோட்சம். இன்னொண்ணுல கண்ணன் மரத்து மேல உக்காந்திருக்கான், கீழ கோபிகைங்க சேலையைக் கேட்டு நிக்கிறாங்க. நம்ம ஊர்ல பார்த்துப் பழகினவங்களுக்கு கைடே வேண்டாம். பக்கத்துல நிக்கிற சீனப் பாட்டி ஊதுபத்தி ஏத்திட்டு அந்தத் தூணைத் தாண்டி போயிட்டே இருப்பாங்க, அவங்களுக்கு அதுவும் கோயில் தூணு, அவ்வளவுதான். மங்கோலியருக்கு அப்புறம் வந்த மிங் ராஜவம்ச காலத்துல மண்டபத்தைப் புதுப்பிச்சப்ப, நல்ல கல்லா இருக்கேன்னு இடிஞ்ச இந்து கோயில் தூணை எடுத்து நட்டிருக்காங்க. மண்டபத்து முன்னாடி மேடைக்கு அடியில மனுஷ முகமும் சிங்க உடம்புமா வரிசையா சிற்பம் இருக்கும், அதையும் குனிஞ்சு பாருங்க.

அதே வளாகத்துல ஒரு பழைய கப்பல் இருக்கு, நிறைய பேர் தெரியாம வந்துடறாங்க. 1974-ல ஊருக்குப் பக்கத்துல சேத்துல புதைஞ்சு கிடந்ததை தோண்டி எடுத்த மங்கோலியருக்கு முந்தின சோங் ராஜவம்ச காலத்துக் கப்பல், மிச்சம் இருக்கிற அடிப்பாகமே 24 மீட்டர். உள்ள 13 அறை, ஒண்ணுல தண்ணி புகுந்தாலும் அடுத்ததுக்குப் போகாது. வாசனைக் கட்டை, மிளகு, பாக்கு எல்லாம் அதுல கிடைச்சுது. தூணுல நரசிம்மர் எப்படி வந்தாருன்னு இந்தக் கப்பலைப் பார்த்தா புரிஞ்சிடும், வியாபாரம்தாங்க.

ரெண்டாவது நாள் கடல்சார் மியூசியம். திங்கக்கிழமை லீவு, அன்னிக்குப் போய் நிக்காதீங்க. அங்க அரபி கல்லறைக் கல்லு, சிலுவை போட்ட கல்லு, நம்ம சிற்பங்கள் எல்லாம் கிட்ட கிட்ட இருக்கும். ஒரு யானை தும்பிக்கையில பூ எடுத்து லிங்கத்துக்குப் போடுற சிற்பம் இருக்கு, திருவானைக்கா கதை தெரிஞ்சவங்க கொஞ்ச நேரம் நகர மாட்டாங்க. சாயங்காலம் தூமென் தெருவுல நடங்க, 1009-ல கட்டின கல் மசூதி ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளி குவான் யூ சாமி கோயில், ராத்திரி வரைக்கும் கூட்டமும் புகையுமா இருக்கும். டைம் இருந்தா லுவோயாங் பாலம், 1059-ல முடிச்சது. அஸ்திவாரக் கல்லு அலையில நகராம இருக்க அது மேல சிப்பி வளர்த்து ஒட்ட வெச்சாங்க, கடல் வத்தின நேரத்துல போனா நல்லா தெரியும். யுனெஸ்கோ 2021-ல இந்த ஊர்ல 22 இடத்தை ஒண்ணா சேர்த்து உலக பாரம்பரியப் பட்டியல்ல போட்டுச்சு, எல்லாத்தையும் ஓடி ஓடி டிக் அடிக்கணும்னு இல்ல.

சென்னையில இருந்து எப்படிப் போறது? விசா கஷ்டமா? (சென்னை வாசகர்)

சிங்கப்பூர் இல்லேன்னா கோலாலம்பூர் போய் அங்கிருந்து ஷியாமென், அங்கிருந்து ஹைஸ்பீட் ரயில்ல அரை மணி, முக்கா மணிதான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், டூரிஸ்ட் விசா 2025 ஜூலையில இருந்து திரும்ப குடுக்கறாங்க. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்னா 30 நாள் வரைக்கும் விசாவே வேண்டாம். ஒரு விஷயம் ஜாக்கிரதை, டிக்கெட் போடும்போது குவாங்ஜோன்னு வந்தா அது வேற ஊரு, வேற மாகாணம், இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ஸ்பெல்லிங் கியூ-வுல ஆரம்பிக்கணும், ஜி இல்ல. ரயில்ல பாஸ்போர்ட்தான் டிக்கெட், பெட்டியில வெச்சுப் பூட்டிடாதீங்க.

அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், மொத்த சீனாவுக்கும் லீவு. அது முடிஞ்சு நவம்பர் வரைக்கும் நல்லா இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கமும் புயலும்.

அம்மா சுத்த சைவம், வெங்காயம் பூண்டு கூட சேர்க்க மாட்டாங்க. பட்டினி கிடப்பாங்களோன்னு பயமா இருக்கு. (கும்பகோணம் வாசகி)

பூண்டு சேர்க்காதவங்களுக்கு அங்க ஒரு விதத்துல வசதிங்க! பௌத்த சைவ ஓட்டல்ல வெங்காயம் பூண்டு போட மாட்டாங்க. கோயில் பக்கமா தேடினா கிடைக்கும். தட்டுல கறி மாதிரியே இருக்கும், சோயாதான், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சாதாரண ஓட்டல்லதான் வம்பு, காய்கறின்னு சொல்லுவாங்க, பன்றிக் கொழுப்புல வதக்கியிருப்பாங்க, சூப்புல சிப்பி மிதக்கும். "வோ ச்சி சு" அப்படின்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க, இருந்தாலும் சீன எழுத்துல ஸ்கிரீன்ஷாட் வெச்சு காட்டுறது பெஸ்ட். இனிப்பா வேர்க்கடலை சூப் கிடைக்கும், முட்டை போடுவாங்க சில கடையில, வேண்டாம்னு சொல்லிடுங்க. டீ பத்தி கவலையே வேண்டாம், பேர் போன தியெகுவான்யின் டீ விளையுற ஆன்ஷி பக்கத்துலதான், பால் மட்டும் கேக்காதீங்க.

தலை நிறைய பூ வெச்சு போட்டோ எடுக்கற இடம் அதுதானா? பொண்ணு ரீல்ஸ் பார்த்துட்டு அடம் பிடிக்கிறா. (கோவை வாசகி)

அதேதான், ஷுன்பு கிராமம். மீனவப் பெண்கள் கொண்டையைச் சுத்தி பூச்சரம் வெச்சுக்கற பழக்கம், இப்ப அதுவே பெரிய பிசினஸ் ஆயிடுச்சு, தெரு முழுக்க ஸ்டுடியோ. காலையில சீக்கிரம் போயிடுங்க. போட்டோ முடிஞ்சதும் உள் சந்துல சிப்பி ஓடு பதிச்ச பழைய சுவர் வீடுங்களைப் பாருங்க, எனக்கு பூவை விட அதுதான் பிடிச்சுது.

கூகுள் மேப் ஓடாதாமே, பணம் எப்படி கட்டறது? (திருச்சி வாசகர்)

அந்த ஊர் நெட்டுல ஓடாது. ஏர்டெல், ஜியோ எதுவோ ரோமிங் பேக் போட்டுட்டுப் போங்க, அதுல வாட்ஸ்அப் வேலை செய்யும், ஓட்டல் வைஃபையில செய்யாது. வழிக்கு ஆமேப் டவுன்லோட் பண்ணிக்கோங்க. பணத்துக்கு அலிபே ஆப், அதுல விசா கார்டோ மாஸ்டர் கார்டோ லிங்க் பண்ணணும், ரூபே எடுக்காது. 200 யுவான் வரைக்கும் சார்ஜ் இல்ல, அதுக்கு மேல ஒரே பில்லா கட்டினா 3 சதவீதம் பிடிப்பாங்க. கார்டுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணி, ஓடிபி எல்லாம் இங்க இருக்கும்போதே முடிச்சிடுங்க, கொஞ்சம் ரொக்கமும் கையில இருக்கட்டும்.