12,34,56,789 பகா எண்ணா, பகு எண்ணா?

கேள்வி: வினாடி வினாவுக்குத் தயாராகும் என் மகள், 12,34,56,789-க்கு எத்தனை காரணிகள் என்று கேட்கிறாள். 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஈவை 100 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டோம். ஒன்றுகூடச் சரியாகப் போகவில்லை. அதைப் பகா எண் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்த ஈவு 1,37,17,421. அதன் வர்க்கமூலம் சுமார் 3703.7. அதுவரையுள்ள பகா எண்கள் எதனாலும் வகுபடாவிட்டால்தான் அது பகா எண். அப்படிப் பார்க்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சிறிய காரணிகள் அகப்படவில்லை என்றால், 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கையாண்ட வழிக்கு மாறுங்கள். ஒற்றைப்படைப் பகு எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். a² − b² = (a − b) × (a + b) என்பதால் காரணிகள் உடனே கிடைத்துவிடும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, அதன் வர்க்கத்தில் ஈவைக் கழித்து, மீதி ஒரு வர்க்கமா என்று பாருங்கள்.

3704² = 1,37,19,616. இதில் 1,37,17,421-ஐக் கழித்தால் 2195. ஐந்தில் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும். இது 95, ஆகவே தள்ளுங்கள்.

3705² = 1,37,27,025. கழித்தால் 9604, அதாவது 98². அவ்வளவுதான்! 3705 − 98 = 3607; 3705 + 98 = 3803. இவை இரண்டும் பகா எண்கள்தான். 61 வரை வகுத்துப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

ஆக, 12,34,56,789 = 3² × 3607 × 3803. அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 = 12 காரணிகள். காரணிகளின் கூட்டுத்தொகைக்குப் பெருக்க வேண்டியது 13 × 3608 × 3804, விடை 17,84,22,816. பிள்ளைகள் சறுக்குவது அந்த 13-இல்தான். 3607-க்கு 1 + 3607, 3803-க்கு 1 + 3803 என்பதுபோல, 3²-க்கு உரியது 1 + 3 + 9. நடுவிலுள்ள 3-ஐ விட்டுவிட்டு 10 என்று போடுவார்கள், அல்லது (1 + 3)² என்று 16 போடுவார்கள்.

கூட்டுத்தொகையிலிருந்து அந்த எண்ணையே கழித்தால் 5,49,66,027. இது எண்ணைவிடச் சிறியது. எனவே 12,34,56,789 ஒரு குறைவெண். 3607, 3803 இரண்டும் ஒரே ஒரு முறை வருவதால் முழு வர்க்கமும் அல்ல.

8 இலக்கக் கால்குலேட்டரில் மூல எண் அடங்காது. 9-ஆல் கையால் வகுத்துவிட்டு உள்ளே போடுங்கள்.

இந்த வழி இரண்டே படியில் முடிந்ததற்குக் காரணம், 3607-உம் 3803-உம் அருகருகே இருப்பதுதான். எண்ணைத் திருப்பிப் போட்டு 98,76,54,321-ஐ எடுத்துப் பாருங்கள்: 3² × 17² × 3,79,721. 9-ஆல் வகுத்தபின் நேரே ஃபெர்மா வழியில் இறங்கினால் 1,79,000 படிகளுக்கு மேல் போகும். 17-ஆல் வகுத்தாலோ உடனே உடைகிறது. அதனால் 100 வரை நீங்கள் வகுத்துப் பார்த்தது வீண்வேலை அல்ல, அங்கேயே நின்றதுதான் பிசகு.