ஹுவாங்லியன் பத்தி கேட்டிருந்தீங்க, பிறந்த குழந்தைக்கு மட்டும் வேணவே வேணாம்

சீன மருந்துக்கடைல ஹுவாங்லியன் கேட்டா கோழிக்கால் மாதிரி கெளை கெளையா ஒரு காஞ்ச கிழங்கை எடுத்து வைப்பாங்க, ஒடச்சுப் பாத்தா உள்ள பளீர்னு மஞ்சள். வந்த கேள்விகள்ல பாதி இதைப் பத்திதான்.

மேடம், நிஜமாவே அவ்ளோ கசக்குமா? எதுக்குத்தான் குடுக்கறாங்க?

நகக்கண் அளவு துண்டை வாயில போட்டுப் பாத்திருக்கேன், எச்சில் மஞ்சளாகி, ரெண்டு தடவை வாய் கொப்பளிச்சும் கசப்பு அடிநாக்குல அப்படியே நின்னுச்சு. வெளிய சொல்ல முடியாத கஷ்டத்தை சீனர்கள் "ஊமை ஹுவாங்லியன் தின்ன மாதிரி"ன்னு சொல்றது சும்மா இல்ல. சோங்சிங் பக்கம் ஷிசூ மலைல இதை நட்டா தோண்டி எடுக்க அஞ்சு வருஷம் ஆகும். உடம்புச் சூட்டையும் ஈரத்தையும் இறக்கும்னு சீன வைத்தியக் கணக்கு, அதனால வயித்துக்கடுப்பு, பேதி, வாய்ப்புண்ணுக்குக் குடுப்பாங்க. இதுல இருக்கற பெர்பெரின்ங்கற சத்தை மட்டும் தனியா எடுத்து பேதியை நிறுத்தற மாத்திரையாவும் சீனாவுல ரொம்ப காலமா விக்கறாங்க.

சிங்கப்பூர்ல இருக்கோம். பாப்பா பொறந்து 4 நாள். பக்கத்து வீட்டு சீனப் பாட்டி, கர்ப்பச் சூடு போகும்னு இந்தக் கஷாயத்துல நாலு சொட்டு பாப்பா வாயில வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?

வைக்காதீங்கம்மா, ஒரு சொட்டு கூட. பாட்டி பாசத்துலதான் சொல்றாங்க, தென்சீனக் குடும்பங்கள்ல தலைமுறையா இருக்கற வழக்கம் அது. ஆனா பொறந்த குழந்தை ரத்தத்துல பிலிருபின்னு ஒரு மஞ்சள் பொருள் இருக்கு, அது ஆல்புமின்ங்கற புரதத்தைப் புடிச்சிக்கிட்டு இருக்கற வரைக்கும் பெருசா ஆபத்தில்ல, பெர்பெரின் போய் அந்தப் பிடியை விடுவிச்சிரும்னு எலிகள்ல பாத்திருக்காங்க, அப்படி விட்டுப்போன பிலிருபின் மூளைக்குள்ள போச்சுன்னா வர்ற சேதத்தை திருப்பவே முடியாது. ஜி6பிடின்னு ரத்தச் சிவப்பணுக்களை உடையாம காக்கற ஒரு நொதி இருக்கு, அதுல குறைபாடு உள்ள குழந்தைக்கு பயம் இன்னும் அதிகம், அந்தக் குறைபாடு சீனர், மலாய்க்காரங்க, நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கு. இதனாலதான் சிங்கப்பூர் 1978ல பெர்பெரினையே தடை பண்ணுச்சு. 2013ல ஹுவாங்லியனுக்கு தடையை எடுத்தாங்க, அதுக்காக பச்சக்குழந்தைக்கு குடுக்கலாம்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. நீங்களும் பால் குடுக்கற வரைக்கும் தொடாதீங்க, கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் இதேதான்.

அங்க பொறந்த குழந்தைக்கு தொப்புள்கொடி ரத்தத்துல ஜி6பிடி பாப்பாங்க, ரிசல்ட் என்னன்னு கேட்டு வச்சிக்கோங்க. குறைபாடு இருந்தா அந்துருண்டை போட்ட பெட்டில இருந்து எடுத்த துணியைக் கூட பாப்பாவுக்கு போடக்கூடாது. பாப்பா தோல்ல தெரியற காமாலை மஞ்சள் வயிறு தாண்டி காலுக்கு இறங்குனாலோ, பாப்பா பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலோ ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கெளம்பிருங்க.

அப்பாவுக்கு சுகர். மெட்ஃபார்மினை நிறுத்திட்டு இதை ஆரம்பிக்கலாமா?

நிறுத்தாதீங்க. 2008ல வந்த ஒரு சீன ஆய்வுல, புதுசா சுகர் வந்த 36 பேர்ல ஒரு பகுதிக்கு பெர்பெரினும் மீதிப் பேருக்கு மெட்ஃபார்மினும் குடுத்தாங்க, 3 மாசத்துல பெர்பெரின் எடுத்தவங்களோட ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர் கணக்கு) 9.5ல இருந்து 7.5க்கு வந்துச்சு. நல்ல விஷயம்தான், ஆனா சின்ன ஆய்வு. அதுல குடுத்தது தினம் 1500 மில்லிகிராம். கிழங்குல பெர்பெரின் நூத்துக்கு 5, 6 பங்குதான், அந்தக் கணக்குக்கு கிழங்கா சாப்பிடணும்னா 25 கிராமுக்கு மேல வேணும், சீன மருந்து நூல்ல சொன்ன அளவே 2லருந்து 5 கிராம்தான். அதனால பெர்பெரின் கேப்சூல் வேற, கிழங்குக் கஷாயம் வேற. சுகர் மாத்திரையோட இதையும் சேத்துப் போட்டா சுகர் ரொம்ப இறங்கிரலாம், அப்பாவுக்கு வேர்த்து கை நடுங்குனா அதுவா இருக்கலாம்.

வேற மாத்திரையோட சேத்துக்கலாமா?

கிட்னி மாத்தி, புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க சைக்ளோஸ்போரின் மருந்து சாப்பிடறவங்க கிட்டயே போகாதீங்க, ரத்தத்துல அந்த மருந்தோட அளவு ஏறிரும். கொழுப்பு, பிரஷர், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட பேரைச் சொல்லிட்டு ஆரம்பிங்க.

நம்ம மரமஞ்சளும் இதுவும் ஒண்ணா?

செடி வேற, குடும்பமும் வேற. இலங்கைல வெனிவெல்னு கஷாயம் போடுவாங்களே அதுதான் மரமஞ்சள். ஆனா அதுலயும் பெர்பெரின் இருக்கு, அதனால மேல சொன்ன எச்சரிக்கை அத்தனையும் அதுக்கும் உண்டு. வீட்ல பொறந்த குழந்தை இருந்தா அந்தக் கஷாயமும் வேணாம்.

பேதி நின்னப்புறமும் தினம் குடிக்கலாமா?

வேணாம். ஏற்கெனவே பசி மந்தம், வயிறு சில்லுன்னு இருக்கறவங்களுக்கு இது இன்னும் கெடுக்கும்னு சீன வைத்தியர்களே சொல்வாங்க. பேதி நின்னா நிறுத்திருங்க, ரெண்டு நாள்ல நிக்கலன்னாலோ ரத்தம் போனாலோ டாக்டரைப் பாருங்க.