நாலு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும்

கேள்வி: பொங்கல் முடிந்த கையோடு டைரி எழுத ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் தினமும் நாலு பக்கம் ஓடியது. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் எழுதினாலே பெரிது. பழைய பக்கங்களைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது, கிழித்துப் போடலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. தொடரலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கிழிக்காதீர்கள். நடுவில் தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் மறுபாதியில் இருக்கும் அதன் ஜோடித் தாளும் கழன்று வந்துவிடும்.

கூச்சத்துக்கு வருவோம். கூச வைக்கும் வரிகளை ஒரு பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். 'மனசே சரியில்லை', 'அவங்க பேசினது பிடிக்கலை' என்ற ரகமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். யார் அந்த 'அவங்க', என்ன பேசினார்கள் என்பது இரண்டு மாதத்தில் உங்களுக்கே மறந்திருக்கும். பேச்சு போய்விட்டது, புலம்பல் மட்டும் தங்கிவிட்டது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான் இது. பேர், இடம், நேரம், விலை, சொன்ன வார்த்தை அப்படியே: இந்த ஐந்தில் குறைந்தது மூன்று ஒவ்வொரு நாளும் இருக்கட்டும். 'மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு மூணாம் நாள். காசிமேட்டுல சங்கரா மீன் விலை கேட்டுட்டு முட்டை வாங்கிட்டு வந்தேன்' என்று எழுதினால், அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரே இதற்கு சாட்சி. பெரம்பூரில் 1709-ல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று பேச்சு நடையிலேயே போகும். பின்னால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. அழகாக எழுத வேண்டும் என்ற கவலை அதில் எங்கும் தெரியாது.

அளவுதான் அடுத்த சிக்கல். நாலு பக்கத்தில் ஆரம்பித்ததால்தான் நின்றது. நாளுக்கு அரைப் பக்கம், பத்து நிமிஷம். 192 பக்க நோட்டு அப்போது ஒரு வருஷம் தாண்டி வரும். தேதி அச்சிட்ட டைரியை வாங்காதீர்கள். விட்டுப்போன நாளின் காலிப் பக்கம் உங்களையே முறைக்கும். ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் சாதாரணக் கோடு போட்ட நோட்டு, தாள் கொஞ்சம் தடிமனாகப் பார்த்து எடுங்கள். இங்க் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும். ஜெல் பேனாவில் பலது தண்ணீர் பட்டால் கலைந்துவிடும். பால்பாயின்ட் பேனாவே நம் ஊருக்குச் சரி. நாள் விட்டுப்போனால் பின்னோக்கி நிரப்ப உட்காராதீர்கள். நினைவில் நிற்பதை மூன்று வரியில் எழுதி, 'பிறகு எழுதியது' என்று குறித்துவிட்டு இன்றைக்கு வந்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய கையோடு என்பது போல, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டினால்தான் பழக்கம் பிடிக்கும்.

யாராவது படித்துவிட்டால்? பூட்டு போட்டால் அதுவே 'என்னைப் படி' என்று கூப்பிடும். ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதாமல் அவர் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுதினால், அவரே படித்தாலும் பாதி வம்பு குறையும். கோபம் பொங்கும் நாளில் தனித் தாளில் கொட்டி, மறுநாள் அதைக் கிழியுங்கள். அந்தத் தாளைத் தாராளமாகக் கிழிக்கலாம்.

கடல் பக்கத்து வீட்டில் நோட்டைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். பீரோவில் இடுப்புக்கு மேலுள்ள தட்டு நல்லது. மழைக்காலத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். நனைந்தே போனால் வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். சில பக்கங்களுக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, ஃபேன் காற்றில் வைத்து, ஈரமான செருகுதாளை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளுக்குமேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும்.