வேலையில கை அடிபட்டு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பணம் வாங்கிட்டு இருக்கேன், புண்ணு ஆறிடுச்சு, இனி டிஸ்பென்சரிக்கு போகாம சொந்த ஊர்ல போய் இருக்கலாமா?

டாக்டர்கிட்ட சொல்லாம மட்டும் கிளம்பிடாதீங்க. கோயம்புத்தூர்ல பிரஸ் ஷாப்ல வேலை பாக்கறப்ப எனக்கு வலது கை ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போயிடுச்சுங்க, அதனால இந்த விஷயம் எனக்கு நல்லாவே தெரியும்.

உங்களுக்கு இப்ப வர்றது தற்காலிக ஊனத்துக்கான பணம், சராசரி தினக்கூலில 90 சதவீதம். வேலைக்கு சேந்த மொத நாளே அடிபட்டாலும் இது உண்டு, இத்தனை நாள்தான்னு கணக்கும் கிடையாது, டாக்டர் உங்களால வேலை செய்ய முடியாதுன்னு எழுதித்தர்ற வரைக்கும் வரும். எல்லாம் அந்த சர்டிபிகேட்லதான் நிக்குது. நடுவுல ஒரு வாரம் போகாம விட்டீங்கன்னா அந்த வாரத்துக்கு பேப்பர் இல்ல, பேப்பர் இல்லன்னா பணம் கேக்க உங்க கையில ஒன்னுமே இல்ல.

2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 ஈஎஸ்ஐ சட்டத்துல 64வது பிரிவுலயே இது இருந்துச்சு. பணம் வாங்கற காலத்துல ஈஎஸ்ஐ வைத்தியத்துலயே இருக்கணும், டாக்டர் சொல்றத கேக்கணும், குணமாகறத கெடுக்கற மாதிரி எதுவும் செய்யக்கூடாது, வைத்தியம் பாக்கற ஏரியாவ விட்டு டாக்டர் அனுமதி இல்லாம போகக்கூடாது, பரிசோதனைக்கு கூப்பிட்டா போகணும். வேலைக்கு போற நாளுக்கு இந்த பணம் கிடையாது, அதனால சும்மாதானே இருக்கோம்னு பக்கத்து வொர்க்‌ஷாப்ல ரெண்டு நாள் நிக்கறதெல்லாம் வேண்டாம்.

ஆனா நான் போகச் சொல்றது பணத்துக்காக மட்டும் இல்லைங்க. புண்ணு ஆறினதும் கை சரியாயிடுச்சுன்னு தோணும், உண்மையான வேலையே அப்பதான் ஆரம்பிக்குது. மூட்டு இறுகி போயிடும், மடக்கினா உயிர் போகும், அந்த நேரத்துல பிசியோதெரபிய விட்டுட்டா பின்னாடி ஸ்பேனர் கூட இறுக்கி பிடிக்க முடியாது. எங்கூட வேலை பாத்த ஒரு அண்ணன் மேனேஜர் கூப்பிட்டாருன்னு வேலைக்கு போகலாம்னு டாக்டர் தர்ற பிட்னஸ் சர்டிபிகேட்ட சீக்கிரமே வாங்கிட்டு போயிட்டாரு, இன்னிக்கும் அவரால சட்டை பட்டன் போட முடியல, அத நினைச்சா எனக்கு ஆறவே மாட்டேங்குது. இந்த பணம் வாங்கற காலத்துல கம்பெனி ஆள வேலைய விட்டு நிறுத்தக்கூடாதுன்னு அந்த 1948 சட்டத்துல 73வது பிரிவே இருந்துச்சு, யார் அவசரப்படுத்தினாலும் பயப்படாதீங்க. வலி இருந்தா இருக்குன்னு டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, சொன்னாதான் அவர் எழுதுவாரு.

கடைசி சர்டிபிகேட் குடுத்தப்புறமும் கையில குறை இருந்தா, ஊனம் எவ்வளவுன்னு பாத்து சொல்ற மெடிக்கல் போர்டுக்கு போகணும். ஆள்காட்டி விரல் முழுசா போனா 14 சதவீதம், ரெண்டு கணு போனா 11, கட்டை விரல்னா 30, இப்படி அட்டவணையே இருக்கு. இப்ப வாங்கற தினப்பணத்துல அந்த சதவீதம் ஆயுசுக்கும் வரும், திரும்ப வேலைக்கு போனாலும் வரும். விரல் போகாம இறுகி மட்டும் போயிருந்தா போர்டு பாத்துத்தான் முடிவு பண்ணும், அதுக்கு பழைய ஓபி சீட்டு, எக்ஸ்ரே, பிசியோ சீட்டு எல்லாம் ரொம்ப முக்கியம், ஒன்னையும் தூக்கி போடாதீங்க. போர்டு முடிவு சரியில்லன்னு பட்டா அப்பீலுக்கும் வழி உண்டு. நிரந்தர ஊனத்தால வேலையே போயிடுச்சுன்னாலும் வருசத்துக்கு 120 ரூபா கட்டினா ரிட்டயர் ஆகற வயசு வரைக்கும் உங்களுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் ஈஎஸ்ஐ வைத்தியம் கிடைக்கும், இத நிறைய பேர் கேக்கறதே இல்ல.

ஊருக்கு போயே ஆகணும்னா அடுத்த தடவை டிஸ்பென்சரி போறப்ப டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, அங்க பக்கத்துல இருக்கற ஈஎஸ்ஐ டிஸ்பென்சரில காட்டிக்கலாமான்னும் கேளுங்க, அனுமதிய சீட்டுல எழுதி வாங்கிட்டு அப்புறமா பஸ் ஏறுங்க.