வட்டவடைக் கூடாரத்துக்கு ஜெனரேட்டர் தேவையா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் மூணாறு பக்கத்து மலைக்கிராமமான வட்டவடையில் தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கப்போகிறோம். கரண்ட் கிடையாது. நான்கு பேர், அம்மா இன்சுலின் போடுகிறவர். சின்ன ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வேண்டாம். சத்தமும் புகையும்தான் மிச்சம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று சாதாரண போனுக்கு இரண்டரை, மூன்று தடவை சார்ஜ் போடும். இரண்டு எடுத்துக்கொண்டால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித்தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். ஆளுக்கொரு தலையில் மாட்டும் டார்ச். கரண்ட் கதை அவ்வளவுதான்.

உங்களைப் படுத்தப்போவது குளிர். மூணாறு வட்டாரத்தில் அந்த மாதத்தில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குவதுண்டு. செண்டுவரைப் பக்கம் புல்லில் உறைபனியே படியும். மேலே கம்பளியாக அடுக்குகிறவர்கள் கீழே கோட்டை விடுகிறார்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த சாதா மெத்தை இதற்கு உதவாது, உள்ளே இருக்கும் காற்றே சில்லிட்டுப்போகும். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் யோகா மேட் மாதிரியான ஃபோம் பாய் இரண்டு அடுக்கு போடுங்கள். பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், கொஞ்சம் மேடாகப் பார்த்துக் கூடாரம் அடியுங்கள். மேல் ஜன்னல் விரலளவாவது திறந்திருக்கட்டும். இல்லையென்றால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியும்போது முகத்தில் சொட்டும். கணப்பு, கரியடுப்பு எதையும் உள்ளே கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கியவர் எழ மாட்டார்.

இப்போது அம்மா விஷயம். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ குப்பியோ பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை தாங்கும் (அட்டையில் போட்டிருப்பதை ஒருமுறை பாருங்கள்). அங்கே ஆபத்து வெயில் இல்லை, உறைவதுதான். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ராத்திரி அதைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள், உடம்பில் ஒட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் மெஷினும் 10 டிகிரிக்குக் கீழே எரர் காட்டலாம். அதையும் உள்ளேயே வையுங்கள். கால்மாட்டில் வெந்நீர் பாட்டில் வைப்பது சுகம்தான். ஆனால் அம்மாவுக்குப் பாதத்தில் மரமரப்பு இருந்தால் சூடு உறைக்காது, கொப்புளமே கிளம்பிவிடும். அவருக்குக் கம்பளிச் சாக்ஸ் போதும்.

சமையலுக்குச் சின்ன பியூட்டேன் கேஸ் டப்பா என்றால், குளிரில் அது சரியாக எரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் நிற்க வைத்து, துடைத்துவிட்டு மாட்டுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும், குக்கர் எடுத்துப்போங்கள். முதல் ராத்திரிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டால் வேலை மிச்சம்.

அப்புறம், இருட்டுமுன் போய்ச் சேருங்கள். காட்டுமாடு எந்தப் பக்கமாக இறங்கும் என்று தோட்டக்காரரிடம் கேட்டு, அந்தத் தடத்தை விட்டு விலகிக் கூடாரம் அடியுங்கள். பழம், தின்பண்டம் எல்லாம் ராத்திரி காருக்குள் இருக்கட்டும், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்துவிடும்.