உப்புக்காற்று ஊரில் கார் கேரியரை நாமே மாட்டலாமா?

காரின் கூரை மேல் சாமான் ஏற்றும் கேரியரை நாமே மாட்டலாமா என்று, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம், ஒரு மணி நேர வேலைதான். கூரையில் நீளவாக்கில் ரெயில் (பக்கக் கம்பி) இருந்தால் துளை போடவே வேண்டாம், கிளாம்பை இறுக்கினால் போதும். ஆனால் சில மாடல்களில் அந்த ரெயில் வெறும் அலங்காரம், பாரம் தாங்காது. கார் கையேட்டைப் பாருங்கள். கூரை தாங்கும் எடையும் அதில்தான் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ. கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் கூரையை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ரப்பருக்கு அடியில் நாலு மணல் சிக்கினாலும் பெயிண்டைச் சுரண்டிவிடும். நான்கு போல்ட்டையும் கையால் பாதி திருகிவிட்டு, அப்புறம் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் கேரியரின் குறுக்குக் கம்பி கோணிக்கொள்ளும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். எனக்கு ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.

நம் பக்கம் உண்மையான எதிரி உப்பு. நான் முதலில் மாட்டியது இரும்புக் கேரியர். இரண்டே மழையில் கூரையெல்லாம் பழுப்புக் கோடு. அலுமினியமே வாங்குங்கள், போல்ட் மரையில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே கழுவிவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆடிக் காற்றில் காலி கேரியரே விசிலடிக்கும். பாரம் இருந்தால் மெதுவாகப் போங்கள். கட்டும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அந்த ‘விர்ர்’ சத்தம் அடங்கும்.